பத்தொன்பது வினாடி

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, விடைத்தாள் கட்டொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒன்பது நாள்களுக்கு முன், மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வேக வரம்பு விதிக்கப்பட்ட ஒரு சாலைப் பகுதியில் என் கார் 82 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாம். அதற்காக ஆயிரம் ரூபாய் அபராதமாம்.

மோசடிச் செய்தி என்றே முதலில் நினைத்தேன். இ-சலான் என்ற பெயரில் வரும் போலி இணைப்பைத் தொட்டு வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். ஆகவே இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாகன் தளத்துக்குச் சென்று வண்டி எண்ணை இட்டுப் பார்த்தேன். உண்மையான அபராதம்தான். புகைப்படமும் இருந்தது. என் வெள்ளைக் கார், என் எண் பலகை, கண்ணாடிக்குப் பின்னால் என்னுடையதாக இருக்கக்கூடிய ஒரு தலை. படத்தின் கீழ் விளிம்பில் தேதி, நேரம்: 11:42:17. வேகம்: 82.

மதுரையில் நடந்த ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு நான் திருச்சி திரும்பிக்கொண்டிருந்த நாள் அது. எனக்கு அன்று எந்த அவசரமும் இல்லை. வகுப்பு மறுநாள்தான். சாலை ஒரு சிற்றூரை ஒட்டிச் செல்லும் அந்த இடத்தில் 60 என்று பலகை வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். அங்கே வேகத்தைக் குறைத்தது தெளிவாக நினைவில் இருந்தது. முள் அறுபதுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினேழு ஆண்டுகளாகக் கார் ஓட்டும் எனக்கு இதுவரை ஓர் அபராதமும் விதிக்கப்பட்டதில்லை.

"ஆயிரம் ரூபாய்தானே, கட்டிடுங்களேன்" என்றாள் மனைவி. அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

"பணம் பெரிதில்லை. செய்யாத குற்றத்தை எப்படி ஒப்புக்கொள்வது?" என்றேன். தமிழாசிரியனுக்கு இத்தகைய தருணத்தில் மதுரை நினைவுக்கு வராமல் இருக்குமா? விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டவனைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டேன். பாண்டியன் கையில் சிலம்பு இருந்தது, அதை அவன் திறந்து பார்த்திருந்தால் போதும், உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும் என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கண்ணகிக்குத் தன் சிலம்புல மாணிக்கம்தான் இருக்குன்னு முன்னாலேயே தெரியும். உங்க காருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் ஏதோ இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். விமானத்தில் இருப்பதைப் போலக் கார்களிலும் கறுப்புப் பெட்டி உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத் திறந்தால் என் வேகம் தெரிந்துவிடும் அல்லவா?

மறுநாளே பணிமனைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் என் கோரிக்கையைக் கேட்டுச் சிரிக்கவில்லை என்பதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "ஐயா, நீங்க சொல்றது காற்றுப்பையோட கட்டுப்பாட்டுப் பெட்டியில இருக்கும். ஆனா அது எப்பவும் எழுதிக்கிட்டே இருக்காது. வண்டி எதுலயாவது மோதினாத்தான் எழுதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி. நிகழ்வுப் பதிவுக் கருவி என்று இதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதி, இக்கருவி எவற்றைப் பதிய வேண்டும் என்று வரையறுத்தது. மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளில் வண்டியின் வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டதா, இருக்கைப் பட்டை அணியப்பட்டிருந்ததா என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கும். 2024 டிசம்பரில் வந்த திருத்தம் அந்த 5 வினாடியை 20 வினாடியாக நீட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்துக்கும் இக்கருவி கட்டாயம். கருவியின் நினைவகத்தில் கடைசிச் சில வினாடிகள் மட்டும் ஓயாமல் எழுதப்பட்டு ஓயாமல் அழிகின்றன. காற்றுப்பை விரிந்தாலோ, ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வினாடிக்குள் வண்டியின் வேகம் 8 கிலோமீட்டர் அளவுக்கு மாறினாலோ, அப்போதுதான் அந்தச் சில வினாடிகள் நிலைபெறுகின்றன. மோதாமல் ஊர் வந்து சேர்ந்தவனின் வேகத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

அந்த இளைஞர் இன்னொரு முயற்சியும் செய்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைத் துளையில் ஒரு கருவியைச் செருகினார். திரையில் இயந்திரச் சுழற்சி, குளிர்நீரின் வெப்பம், வேகம் எல்லாம் ஓடின. ஆனால் அவை அந்தக் கணத்துச் செய்திகள். வண்டியில் ஏதாவது பழுது தோன்றினால் மட்டும் அத்தருணத்து நிலையை, வேகம் உட்பட, ஒரு படம்போல உறைய வைத்திருக்குமாம். "ஒரு பழுதும் இல்லை ஐயா, வண்டி நல்லா இருக்கு" என்றார். அன்று அது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் பதிவான நேரங்களை எடுத்தேன். இரண்டு சாவடிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்துச் சராசரி வேகம் கண்டேன். மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சராசரி என்பது ஒரு கணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது என்று திருப்பிக் கொடுத்தாள். வகுப்பின் சராசரி 60 மதிப்பெண் என்றால் அதில் 82 வாங்கியவன் இல்லை என்று பொருளாகுமா? கைப்பேசியின் பயண வரலாறும் இவ்வளவுதான். மதுரையில் புறப்பட்டேன், திருச்சியில் இறங்கினேன் என்றது.

கடைசியில்தான் கண்ணாடியின் மேல் ஒட்டிக்கிடந்த சிறு கேமராவின் நினைவு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மைத்துனர் வாங்கிப் பொருத்திக் கொடுத்தது. வண்டியைக் கிளப்பினால் தானே ஓடும், நிறுத்தினால் தானே நிற்கும். ஒரு தடவைகூட அதை நான் திறந்து பார்த்ததில்லை. நினைவட்டை நிரம்பினால் பழையதை அழித்துக்கொண்டு புதியதை எழுதும் வகை அது. நான் அதிகம் வண்டி எடுக்காதவன் என்பதால் அந்த ஒன்பது நாள்களும் அழியாமல் இருந்தன. அதைவிட முக்கியமானது, அதில் ஜி.பி.எஸ். இருந்தது. செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிப்பைக் கொண்டு வினாடிக்கு ஒரு முறை இடத்தையும் வேகத்தையும் படத்தோடு சேர்த்து எழுதி வைத்திருந்தது.

பொறியியல் படிக்கும் மகள் அதற்குரிய மென்பொருளைக் கணினியில் நிறுவிக் கொடுத்தாள். ஒரு பக்கம் சாலையின் காட்சி, ஒரு பக்கம் வரைபடம், கீழே வேகம். அந்த நாளைத் தேடி, 11:42:17 என்ற இடத்தில் நிறுத்தினாள்.

57.

"அப்பா, ஜெயிச்சுட்டீங்க!" என்று கத்தினாள். அன்று இரவு எனக்கு மிக நல்ல உறக்கம்.

*

என்னிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞராக இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் உற்சாகமானார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டதாம். வேகத்தை அளக்கும் மின்னணுக் கருவி துல்லியமானது என்பதற்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சான்றிதழ் வேண்டும், கண்காணிப்பு உண்டு என்று சாலையில் முன்கூட்டியே பலகை வைத்திருக்க வேண்டும், அபராத அறிவிப்பில் படமும் அளவும் தேதியும் நேரமும் இடமும் இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். "அவங்க எழுதியிருக்கிற நேரத்துல நீங்க 57ல போயிருக்கீங்க. அது போதும் ஐயா. சாட்சியச் சட்டத்துல மின்னணுப் பதிவுக்கு 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்கணும், அதை நான் எழுதித் தர்றேன். அந்த நேரத்துப் படத்தை மட்டும் தனியா எடுத்து அனுப்புங்க" என்றார்.

அந்தப் படத்தை எடுக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு சிறு உறுத்தல். அபராத அறிவிப்பில் இருந்த புகைப்படத்தில் என் காருக்கு இடப்பக்கம், சாலையோரத்தில், இரண்டு பால்கேன்கள் கட்டிய மொபெட் ஒன்று இருந்தது. என் கேமராவின் 11:42:17 காட்சியில் எனக்குப் பக்கத்தில் எவரும் இல்லை. மொபெட் நெடுந்தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவர்களின் கேமரா பொருத்தப்பட்ட கம்பமும் அதற்கருகில்தான் நின்றது.

எனக்குச் சோறு போடும் தொழில் இதுதான். ஒரே பாட்டு இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக இருந்தால் எது சரி என்று பார்ப்பது. 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடியது வெறும் எண்ணிக்கைக்காக அன்று. ஓர் ஏட்டின் பிழையை இன்னொன்றைக் கொண்டுதான் அறிய முடியும். நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. எழுதியவர் ஓர் எழுத்தைப் பிழைபட எழுதிவிட்டார் என்பதற்காக ஏட்டையே தூக்கி எறியாதீர்கள். எந்த எழுத்தில் பிழை என்று பாருங்கள்.

இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டேன். படத்தை ஒவ்வொரு வினாடியாக முன்னே நகர்த்தினேன். 57, 58, 60, 63. கம்பம் நெருங்கி வந்தது. மொபெட் பெரிதாயிற்று. 71, 76. பால்கேன்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. ஓட்டிய பெரியவரின் தோளில் ஒரு பச்சைத் துண்டு. அவர் காட்சியின் இடது ஓரத்தில் மறையும் கணத்தில், புகைப்படத்தில் உள்ள அதே அமைப்பு பொருந்தும் இடத்தில், என் கேமராவின் நேரம் 11:42:36. வேகம் 83.

ஜி.பி.எஸ். நேரம் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரத்திலிருந்து வருவது. அது பிழைபட்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே அவர்களுடைய கடிகாரம்தான் 19 வினாடி பின்தங்கி ஓடியிருக்கிறது. நேரம் பிழை. வேகம் பிழையில்லை. என் கருவி 83 என்றது, அவர்களுடையது 82 என்றது. அந்த 19 வினாடியில் நான் கடந்த தூரம் 370 மீட்டர் அளவில் இருக்கும். முள் அறுபதுக்குக் கீழே இறங்கியதாக நான் நினைவு வைத்திருந்ததும் பொய்யன்று. இறங்கியது. பிறகு ஏறியது. ஏறியதை மட்டும் மறந்துவிட்டேன்.

ஏன் ஏறியது? அந்தக் கேமரா ஒலியையும் பதிவு செய்யும் என்பது எனக்குத் தெரியாது. மகள் ஒலியைக் கூட்டினாள். வண்டிக்குள் நான் மட்டும்தான் இருந்தேன், ஆனால் பேசிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் கருத்தரங்கில் என் கட்டுரையை ஒருவர் மறுத்துப் பேசியிருந்தார். அரங்கில் சொல்லத் தவறிய பதிலை அப்போது அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குரல் உயர உயர வேகமும் உயர்கிறது. 11:42:33இல், மொபெட்டுக்குப் பின்னால் நெருங்கிவிட்ட நிலையில், என் குரல் முழக்கமிடுகிறது: "ஆதாரம் காட்டுங்கள் ஐயா, ஆதாரம்!"

மகள் சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன்.

பிறகு அபராத அறிவிப்பின் புகைப்படத்தை மீண்டும் திறந்தேன். இத்தனை நாளும் அதில் என் எண் பலகையையும் அந்த 82ஐயும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது அந்தப் பெரியவரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கேமராவின் காட்சியில் அவர் தார்ச்சாலையின் ஓரத்தில் நேராகச் சென்றுகொண்டிருந்தார். இந்தப் படத்தில் மொபெட்டின் முன்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியிருந்தது. பச்சைத் துண்டு தோளிலிருந்து எழும்பி முகத்தை மறைத்திருந்தது. ஒரு கால் தரையைத் தேடி நீண்டிருந்தது.

இவரை நான் முந்தியதே எனக்கு நினைவில்லை.

எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பரிடம், யாருக்கோ நடந்ததுபோல, 60க்கும் 83க்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்றார். தாளில் கணக்கிட்டுக் காட்டினார். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

*

வழக்கறிஞர் நண்பரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"ஐயா, நீங்க பொய் எதுவும் சொல்லப் போறதில்லையே. அவங்க எழுதின நேரம் 11:42:17. அந்த நேரத்துல உங்க வேகம் 57. ரெண்டுமே உண்மை. மீதியை நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை" என்றார்.

அவர் சட்டத்தின் பக்கம் நின்று சரியாகத்தான் சொன்னார். நேரத்தையே சரியாக எழுதாத கருவியின் சொல்லை நம்பி ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பது நியாயமான வாதம். நாளை அதே 19 வினாடி வேறு யாரையாவது செய்யாத குற்றத்தில் மாட்டிவிடக்கூடும். ஆனால் என் வழக்கில் நான் செய்ய இருந்தது வேறு. முழுப் பாட்டையும் படித்த பிறகு, எனக்கு ஏற்ற ஓர் அடியை மட்டும் வெட்டி எடுத்து மேற்கோள் காட்டுவது. அதைச் செய்யும் ஆய்வு மாணவர்களை நான் எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். அவர்களும் பொய் சொல்வதில்லை. அந்த அடி உண்மையாகவே நூலில் இருக்கும்.

அபராதத்தைக் கட்டினேன். கட்டிய பிறகு, அந்தச் சாலைக் கருவிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். குற்றத்தை ஏற்றுப் பணம் செலுத்திவிட்டதாகவும், ஆனால் அவர்களுடைய கடிகாரம் 19 வினாடி பின்தங்கியிருப்பதாகவும் குறிப்பிட்டு, வெட்டாத முழுப் பதிவையும் அனுப்பினேன். ஒலியை மட்டும் நீக்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதில் வரவில்லை.

பணிமனை இளைஞர் சொன்னது அடிக்கடி மனத்தில் ஓடுகிறது. மோதினால்தான் எழுதும். அன்று அந்த மொபெட் ஓரடி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், நான் தேடி அலைந்த பெட்டி என் வேகத்தை எழுதி வைத்திருக்கும். யாரும் மறுக்க முடியாத ஆதாரமாக அது இருந்திருக்கும்.

அன்று இரவு மனைவி கேட்டாள்: "சிலம்பை உடைச்சுப் பாத்தீங்களா? என்ன இருந்தது?"

நான் எதுவும் சொல்லாமல் அந்தப் புகைப்படத்தைக் காட்டினேன். வேகத்தையோ நேரத்தையோ அவள் பார்க்கவில்லை. நேரே அந்த மொபெட்டைத்தான் பார்த்தாள்.

"இவர் கீழ விழுந்துடலையே?"

எனக்குத் தெரியவில்லை. என் கேமரா முன்பக்கத்தை மட்டுமே பார்ப்பது. அவர்களுடைய படமோ அந்த ஒரு கணத்தோடு முடிந்துவிடுகிறது. இத்தனை நாள் தேடலில் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்விக்கு எந்தக் கருவியிலும் விடை இல்லை.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது அந்த ஊரில் வண்டியை ஓரமாக நிறுத்தி, தேநீர்க் கடையில் விசாரித்தேன். பால்கேன் கட்டிக்கொண்டு அந்த வழியாகப் போகிறவர்கள் நான்கைந்து பேர் உண்டாம். பச்சைத் துண்டைக் கொண்டு யாரென்று சொல்ல முடியவில்லை. "அப்படி யாரும் விழுந்ததாக் கேள்விப்படலையே சார்" என்றார் கடைக்காரர், தேநீரை ஆற்றிக்கொண்டே.

அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அதற்கு ஆதாரம் எதுவும் நான் கேட்கவில்லை.